x படகுக்கு, x வலைக்கு

1

இந்தக் கதை எனக்குக் கருவாடு மடித்துக் கொடுத்த தாளில் கிடைத்தது. இதைவிட உயர்வாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. பொன்னேரிச் சந்தையில் பொட்டலத்தை வாங்கியவன், பழைய கணக்குப் புத்தகத்தின் பக்கமாக இருக்கிறதே என்று வாய்விட்டுப் படித்தேன்: "நால்வர் ஒரு படகில் சென்று 70 மீன் பிடித்தனர். படகோட்டிக்கு மற்றவர் ஒருவருக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்கு. எனில், மற்றவர் ஒருவரின் பங்கு என்ன?"

கருவாட்டுக்காரி கேட்டாள்: "படவுக்கு?"

நான் விழித்தேன்.

"படவுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு இல்லியா? இன்னா கணக்கு சாமி இது, ஊர அடிச்சு ஒலைல போடற கணக்கா கீது."

அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "பழவேற்காட்டு ஏரியின் மேல் விடியல் தன் பொற்கரங்களை—"

(சீ. வேலை தேடி வந்த பெண்ணுக்கு விடியல் எதற்கு?)

இரண்டாவது: "ஏழை மீனவப் பெண்ணான செல்லியம்மாள்—"

(இதுவும் வேண்டாம். 'ஏழை' என்று போட்டதும் நீங்கள் உச்சுக்கொட்டத் தயாராகிவிடுவீர்கள். உங்கள் உச்சு அவளுக்குத் தேவையில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். 1979. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலை. சாமான் கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்குப் பரீட்சை* எழுதிவிட்டு, அதிகாரி மணவாளனின் மேஜைக்கு முன்னால் செல்லியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பழவேற்காட்டுக்காரி, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். மீன் கூடையோடு ஏறினால் நாற்றம் என்று கண்டக்டர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுப் போவான். அவளும் அம்மாவும் வெயிலில் நடப்பார்கள். இந்த வேலை கிடைத்தால் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிடலாம். அவளுக்கு இது வேண்டும். வெறியாக வேண்டும்.

* ஆமாம், பரீட்சையில் அதே மீன் கணக்கைத்தான் வைத்தேன். தற்செயலா என்று கேட்காதீர்கள். கதை என்னுடையது.

3

அவள் தாளில் இருந்தது இது:

மற்றவர் ஒருவரின் பங்கு x என்க.
மூவருக்கு 3x, படகோட்டிக்கு 2x, படகுக்கு x, வலைக்கு x.
3x + 2x + x + x = 70
7x = 70
x = 10

மணவாளன் கெட்டவர் அல்ல. (கெட்டவராக்கினால் எனக்குச் சுலபம். உங்களுக்கும்தான்.)

"மத்ததெல்லாம் பிரமாதமா போட்டிருக்கேம்மா. இதுல மட்டும் 5x தான் வரணும். எழுபதை அஞ்சால வகுத்தா பதினாலு. அடிச்சிட்டு எழுது, நாளைக்கே சேர்ந்துக்கலாம்."

"படவு இல்லாம எப்டி சார் போனாங்க, நீஞ்சிக்கினா?"

"படகுல போனாங்கன்னு இருக்கு. படகுக்குப் பங்குன்னு இல்லையே. எழுதாததை நாமளா சேர்க்கக் கூடாதும்மா. கிடங்குலயும் அதான் சட்டம். சீட்டுல இல்லாத போல்ட்டை நீயா சேர்த்துப்பியா?"

நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியாமல் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதில் அவளிடம்தான் இருந்தது.

"எங்க நைனா ஏரில போய்ட்டாரு சார். அப்பாலிக்குத் தண்ணில எறங்க ஊட்ல ஆம்பள இல்ல. படவு மட்டும் மத்தவங்களோட போய்க்கினு இருந்துச்சு. அதுக்கு ஒரு பங்கு வந்துச்சு. அதத் துன்னுதான் நாங்க இருந்தோம். அதுலதான் நான் இந்த x போடவே கத்துக்கினேன். பதினாலுன்னு எழுதுனா, எங்கம்மா சோத்த எடுத்து அந்த நாலு பேருக்குக் குட்த்த மாதிரி."

மணவாளன் தன் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"வெறும் கணக்கும்மா இது. இதுக்காக வேலையை விட்டுடாதே."

4

முடிவு அ: அடித்துவிட்டு 14 என்று எழுதுகிறாள், வேலை கிடைக்கிறது. (எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். சொல்கிறவர் ஒருநாள் கூடை சுமந்துவிட்டு வரட்டும்.)

முடிவு ஆ: மணவாளன் கண்கலங்கி, "என் கண்ணைத் திறந்துட்டேம்மா—"

(அடித்துவிட்டேன். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

முடிவு இ: தாளைக் கிழித்து வீசிவிட்டு, தலைநிமிர்ந்து வெளியே—

(வெளியே என்ன இருக்கிறது? கூடைதான் இருக்கிறது. அவள் தலையில் சுமையேற்றி நாம் கைதட்டுவதா?)

நான் இப்படி எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தபோது செல்லியம்மாள் தானாகவே பேனாவை எடுத்தாள், மூடினாள், மேஜைமேல் வைத்தாள்.

"பதினாலுன்னு போட எனக்குத் தெரியும் சார். தெரியாம இல்ல. போட மாட்டேன். வேலயும் எனக்கு வோணும். ரெண்டும் வோணும்."

சொல்லிவிட்டுப் போகவில்லை. நிற்கிறாள். இதற்குமேல் ஓர் அடிகூட என்னால் அவளை நகர்த்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நகர்த்த எனக்கு இஷ்டமும் இல்லை. இவ்வளவு நாள் எல்லாரும் அவளை நகர்த்தியது போதும்.

மணவாளனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன். அவருடைய நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து உட்காருங்கள். தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. சேர்ப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் கையில். எழுபதை எதால் வகுப்பது என்று அப்புறம் யோசிக்கலாம். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.