முப்பது தடவை அமுக்கினேன்

அந்த வாட்சை முதன்முதலில் பார்த்தபோது அது எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வேன்? எண்பத்தொன்றாம் வருடத் தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. ரப்பர்ப் பால் லாரியை ஈப்போவுக்கு ஓட்டிப் போய்விட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் அர்ச்சுனன், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, "நவமணி, இங்க வா புள்ள" என்று கூப்பிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். கறுப்பு வார். முள்ளே இல்லாத முகம். அதில் எண்கள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. லகாட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணியின் கையில்கூட டிஜிட்டல் வாட்ச் கிடையாது.

"நல்லாருக்கா? பாக்கியத்துக்குப் பிடிக்குமா சொல்லு" என்றார்.

தனபாக்கியம் அவருடைய தங்கை. அதே லயத்து வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளி உடையப்பனுக்கு வாக்கப்பட்டவள். அப்போது ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, அதாவது நான் கூட்டிப் பெருக்கும் வீட்டுக்கு, வந்திருந்தாள். வலி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்று பார்க்க வேண்டுமாம், அதற்காக வாட்ச். ஜனவரியில் வரப்போகும் வலிக்கு அக்டோபரிலேயே அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டார். எனக்குத் தலைவலி என்றால் அடுத்த வாரம்தான் மாத்திரை வரும்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சாவிக் கடிகாரம் இருந்தது. என் அப்பா ஆயர் தாவாரிலிருந்து சீராகக் கொண்டுவந்து மாட்டியது. இரண்டு வருடமாக லயத்தில் பாதிப் பேர் என் வாசலில் வந்துதான், "நவமணி, மணி என்ன?" என்று கேட்பார்கள். விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிறவர்கள், எல்லோரும். அஞ்சு நிமிடம் முன்னே பின்னே ஓடும், அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. வாட்ச் வந்த மறுநாளிலிருந்து அந்தக் கேள்வி பாக்கியத்துக்குப் போனது. அவள் நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டைத் திருப்பி, "ஆறு பதினேழு, அக்கா" என்பாள். ஆறேகால் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வேலை வாங்கும் மண்டோர்கூடத் தன் கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருப்பி வைத்தார். என் மாமியார் வீரம்மா உலையில் அரிசி போடுவதற்கும் அதைக் கேட்டுத்தான் போட்டார்.

புது வருடத்தன்று தீபகற்பம் முழுக்க மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக வேண்டுமாம். ரேடியோவில் ஒரு வாரமாகச் சொன்னார்கள். நான் முக்காலி போட்டு ஏறி என் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளி வைத்தேன். வாட்சை யாரும் தொடவில்லை.

"அது தானா மாத்திக்கும்லா" என்றார் என் வீட்டுக்காரர். "எந்த மாசத்துக்கு முப்பது, எந்த மாசத்துக்கு முப்பத்தொண்ணுன்னு தெரிஞ்சு வச்சிருக்கு. இது தெரியாதா அதுக்கு?"

லயமே தலையாட்டியது. மறுநாள் காலை என் கடிகாரம் எட்டு காட்டியது, வாட்ச் ஏழரை காட்டியது. அன்று பூரா என் முகத்தில் இருந்த சிரிப்பை நானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அதற்கும் ஆயுசு குறைவு. அடுத்த நாளே ஈப்போவுக்குப் போய்த் வாட்ச் விற்ற கடைத் தவுக்கேயிடம் காட்டி, சரிசெய்து, எப்படிச் செய்வது என்றும் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வேறு நடந்தது.

"இந்தப் பொத்தானை அமுக்கிப் பிடி. எண்ணு மின்னும். அப்புறம் இத ஒவ்வொரு வாட்டியா அமுக்கு, ஒவ்வொரு நிமிசமா ஏறும்."

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் காது இருந்தது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மாமியார் மகனிடம், "அந்தக் கடிகாரம் டொக்கு டொக்குன்னு அடிச்சிக்கிட்டே கெடக்கு. பாக்கியம் தூங்கவே முடியல. அதான் வாட்ச் இருக்கே, இது எதுக்கு?" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. முக்காலியில் ஏறி என் அப்பா கொடுத்த கடிகாரத்தைக் கழற்றி, பழைய சாரத்தில் சுற்றி, விறகுக்கு மேல் வைத்தார். சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

பாக்கியம் குளிக்கப் போனாள். வாட்ச் சன்னலில் இருந்தது. மணி ஆறே முக்கால். பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். எண் மின்னியது. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே முப்பது தடவை அமுக்கினேன். ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு பூஜ்யம் வந்தது, மணி மட்டும் ஆறாகவே நின்றது. ஆறு பதினைந்து.

என் கணக்கு இவ்வளவுதான். விடிந்தால் வீட்டுக்காரர் அரை மணி நேரம் பிந்திப் போவார், மண்டோர் கத்துவார், வாட்ச் தானாகவே பழைய நேரத்துக்குப் போய்விட்டது என்று லயமே சிரிக்கும். என் கடிகாரம் சுவருக்கு வரும். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

ஆனால் விடிவதற்கு முன்பே பாக்கியத்துக்கு வலி வந்துவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லி அனுப்பியும், அது வருவதற்குள் தோட்டத்து மருத்துவச்சி, "இனிமே நகர்த்த முடியாது" என்று சொல்லிவிட்டார். வாட்ச் அண்ணன் கையில் இருந்தது. அவர் வாசலில் நின்றார். நான் வெந்நீர்ச் சட்டியோடு நடுவில் நின்றேன். வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மணி மாறி ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் எந்த மணிக்கு எவ்வளவு வெளிச்சம் என்று யாருக்கும் பிடிபடாத சமயம். சாலையில் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது. அதோடு சேர்ந்தே பிள்ளை அழுதது.

"மணி பாருடா!" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினார்.

"ஆறு நாப்பத்தொண்ணு!"

காலண்டரில் பெரிதாக எழுதியும் வைத்தார். ஸ்கூல் பஸ் ஏழு பத்துக்குத்தான் வரும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, வாய் வரவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றபோது, கழற்றி வைத்திருந்த வாட்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அதில் ஏழு ஆகும்வரை காத்திருந்து, மறுபடி முப்பது தடவை அமுக்கிச் சரியாக்கி வைத்தேன். தடயம் போயிற்று என்று பெருமூச்சு விட்டேன்.

மத்தியானம் கோயில் பண்டாரம் சின்னையா பஞ்சாங்கத்தோடு வந்தார். காலண்டரைப் பார்த்தார், விரலை மடக்கினார், முகம் சுருங்கியது.

"ரோகிணி இன்னிக்கு ஆறு அம்பத்தெட்டு வரைக்கும் இருக்கு. புள்ள பொறந்தது ஆறு நாப்பத்தொண்ணு. ரோகிணில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது."

"பதினேழு நிமிசந்தானே சாமி" என்றார் மாமியார்.

"முன்னெல்லாம் ஏழு மணி வாக்குலன்னு சொல்லுவீங்க, நானும் அடுத்த நட்சத்திரத்தப் போட்டு மிருகசீரிசம்னு எழுதிருவேன். இப்ப நிமிசக் கணக்கா மெசினு சொல்லுதே. நான் என்ன செய்ய?"

"மாமன் மொதல்ல எண்ணெயில புள்ள மொகம் பாத்தாத் தோசம் போயிடும்பாங்களே, அது போதாதா?"

"பாக்கறதுக்கு அது போதும். ஒண்ணா இருக்கறதுக்குப் போதாது. அஞ்சு வயசு வரைக்கும் ஒரே தோட்டத்துல இருக்க வேணாம். அர்ச்சுனன் உயிரு சம்பந்தப்பட்டது."

என் வீட்டுக்காரர் அதுவரை பிள்ளையைப் பார்த்திருக்கவில்லை. வாசற்படியிலிருந்து அப்படியே திரும்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு லாரிக் கொட்டகைக்குப் படுக்கப் போய்விட்டார். தங்கையிடமிருந்து அவரைப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு வருடம் மனசுக்குள் வேண்டியவள் நான். வேண்டுதல் பலித்தது. என்னிடமிருந்தும் பிரிந்துபோனார்.

சனிக்கிழமை லாரியைப் பின்னால் எடுக்கும்போது சக்கரம் வாய்க்காலில் இறங்கி, கதவு நசுங்கி, அவர் இடது கையில் ஆறு தையல். "பாத்தியா, ஆரம்பிச்சிருச்சு" என்றது லயம். நான் சோறு கொண்டுபோனேன். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"பாக்கியம் சாப்ட்டுச்சா?" என்று கேட்டார்.

சாகப் போகிறோம் என்று நம்புகிற மனுஷன். அப்போதும் அவள்தான். அந்தச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தால், பாக்கியம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுது முடித்திருந்தாள். உடையப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, பாரிட் புந்தார்ல இருக்கற எங்க நாத்தனாருக்குச் சொல்லி விட்டாச்சு. அவங்களுக்கு நாலும் பையன். நாளைக்குக் கார் வருது. புள்ளையக் குடுத்தர்றேன்."

"என்னது? மூணு நாள்கூட ஆவல, பால் குடிக்கிற புள்ள."

"புள்ள வேற பெத்துக்கலாம் அண்ணி. எனக்கு அண்ணன் ஒண்ணுதான்."

என்னால் தாங்க முடியவில்லை. பாவம் என்று முதலில் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இவள் அவருக்காகப் பெற்ற பிள்ளையையே விடுகிறாள், நான் ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டிருக்கிறேனே என்றுதான் தோன்றியது. இதிலும் அவள்தான் மேலே. பிறகுதான் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. லயமே வாசலில் நின்றது. அவர் தூரத்தில், கொட்டகைப் பக்கம், முதுகைக் காட்டி நின்றார். பாக்கியம் பிள்ளையைத் தன் நாத்தனாரின் கையில் கொடுக்க எழுந்தாள்.

"குடுக்காத" என்றேன். "புள்ள ரோகிணி இல்ல. வாட்ச நான்தான் அரை மணி நேரம் கொறச்சு வச்சேன்."

"புள்ளைய அனுப்ப மனசு வராமப் பொய் சொல்றா" என்றார் மாமியார். அவர் குரலில் என் மேல் பிரியம் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

பாக்கியத்தின் கையிலிருந்து வாட்சைக் கழற்றினேன். எல்லோர் எதிரிலும் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். எண் மின்னியது. சத்தமாக எண்ணிக்கொண்டே முப்பது தடவை அமுக்கிக் காட்டினேன்.

"எங்க அப்பா கடிகாரத்தக் கழட்டுனீங்கல்ல, அந்தக் கோவத்துல செஞ்சேன். புள்ள அழுதப்ப ஸ்கூல் பஸ் ஹாரன் அடிச்சுதே, யாருக்கும் கேக்கலையா? அது எத்தன மணிக்கு வரும்?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா... கேட்டுச்சு. ஏழு பத்து."

கூட்டத்தில் நின்ற பண்டாரம் உடனே விரலை மடக்கினார். பஸ்ஸை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "வாட்சு ஆறு நாப்பத்தொண்ணு. அதோட முப்பது. ஏழு பதினொண்ணு. மிருகசீரிசம்லா! மாமனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குப் பிறகும் வாட்ச் சொன்னதுதான் கணக்கு. தப்பெல்லாம் அதை அமுக்கிய விரல்மேல்.

என் வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கமிருந்து ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போய், பாக்கியத்தின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, கட்டுப் போட்ட கையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு அழுதார். கார் காலியாகத் திரும்பியது.

அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அன்று சாயங்காலம் என் அப்பாவின் கடிகாரத்தை எடுத்துத் துடைத்து, சாவி கொடுத்து, அதே வெள்ளைத் தடத்தின்மேல் மாட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பிடிக்கிறார். வாட்சை என் மணிக்கட்டில் கட்டி, வாரை இறுக்கிவிட்டார்.

"இதுக்குத்தானே. நீயே வச்சுக்க" என்றார்.

ஒரு மாதமாகிறது, இன்றும் அதை நான்தான் கட்டியிருக்கிறேன், கழற்றத் தைரியம் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். நான் முன்னால்தான் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பாக்கியம், மணி என்ன?" என்பார்கள். பிள்ளையை மடியில் போட்டிருக்கும் பாக்கியம் தலையைத் தூக்கி, என் அப்பா கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவாள்.