சீப்புக் கட்டடம்

பூபதி தினமும் காலையில் காரை விட்டு இறங்கியதும் சங்கத்துக் கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வரும். சங்ககிரி லாரி உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பதவி கிடைத்த சந்தோஷத்தை அந்தக் கட்டடம் தினமும் காலையிலேயே கெடுத்துவிடும்.

எழுபதுகளில் கட்டியது. சாயம் காணாத சாம்பல் சிமெண்ட். மேற்கே பார்த்த முகப்பு முழுக்க உயரமான கான்கிரீட் பலகைகள், பக்கவாட்டில் திரும்பி வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தலை சீவும் சீப்பை நிறுத்தி வைத்தது மாதிரி இருக்கும். அதனால் ஊரே அதைச் சீப்புக் கட்டடம் என்றது. டவுன் பஸ் கண்டக்டர்கூட "சீப்பெல்லாம் எறங்கு" என்றுதான் விசில் அடிப்பார். ஊர் சொன்னது தமிழ்ச் சீப்பு. பூபதியின் காதில் மட்டும் அது இங்கிலீஷ் 'சீப்'பாக விழுந்தது. நாமக்கல்லில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் தொழில் செய்யும் அவருடைய சம்பந்தி நாலு மாடிக்கும் நீலக் கண்ணாடி போட்டு ஆபீஸ் கட்டியவர். அவர் ஒரு கறிவிருந்தில், "சம்பந்தி ஆபீசு சீப்புங்களாமா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றைக்குச் சாப்பிட்ட கறி பூபதிக்குச் செரிக்கவே இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. சங்கத்துக் கூட்ட மண்டபத்தில் மேடையே கிடையாது. சுற்றிலும் படிப்படியாக உறுப்பினர்கள் உட்கார, நடுவில் பள்ளத்தில் தலைவர் நிற்க வேண்டும். கிணற்றில் விழுந்தவனை எட்டிப் பார்ப்பது போல் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். கட்டிய என்ஜினியர் மேடையை மறந்துவிட்டார் என்பது பூபதியின் முடிவு.

லாரிக்காரருக்கு லாரிக் கணக்குத்தானே வரும். அடிச்சட்டமான சேஸிஸ் நன்றாக இருந்தால் பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புது பாடி கட்டுவது அவர் தொழிலில் சாதாரணம். கட்டடத்துக்கும் அதையே சொன்னார். சீப்பை வெட்டி எறிந்துவிட்டு முகப்புக்குக் கண்ணாடி, மண்டபத்துக்கு மேடை, மேடைக்குக் கீழே தன் பெயர் போட்ட கல்வெட்டு. இதற்குப் பொதுக்குழு சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு மாதிரி காட்டுவதற்காக, முதலில் தன் அறைக்கு முன்னால் மட்டும் நாலு பலகையை வெட்ட ஆள் சொன்னார்.

வெட்டுவதற்கு முதல் நாள் கழுத்தில் கேமராவோடு ஒரு பெண் வந்து நின்றாள். சேலத்தில் கட்டடக்கலைக் கல்லூரி ஆசிரியை, பெயர் டெபோரா. பாரம்பரியக் கட்டடம் பார்க்க வந்ததாகச் சொன்னாள். பூபதி எழுந்து வந்து, ஊருக்குப் பக்கத்தில் பழைய கோட்டை இருக்கும் மலையைக் காட்டினார்.

"கோட்டை அக்கட்டால இருக்குதுங்க அம்மிணி. வெயிலுக்கு முந்தி ஏறிருங்க."

"நான் இதைப் பார்க்கத்தான் வந்தேன் சார்."

பூபதி திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு கட்டடம் எதுவும் இல்லை. பாரம்பரியம் என்றால் ஒரு ராஜாவாவது வேண்டாமா என்று கேட்டார். ராஜா இல்லாததுதான் இதன் பெருமை என்றாள் அவள். எல்லோரும் சமம் என்று நம்பிய காலத்தில், அந்த நம்பிக்கையைச் சிமெண்டில் கட்டியிருக்கிறார்கள். மேடையை யாரும் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டார்கள். அந்தப் பலகைகளும் அழகுக்கு நிற்கவில்லை, வெயிலைத் தடுத்துக் காற்றை விடத்தான் நிற்கின்றன என்றாள். பூபதி தன் சேஸிஸ் கணக்கை விளக்கினார்.

"இதுல பாடி தனி, சேஸிஸ் தனின்னு இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நாலு பலகையும் விழுந்தன. கண்ணாடி ஏறியது. பூபதி ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். பங்குனி பிறந்தது. மதியம் திரும்பியதும் மேற்கு வெயில் நேராக அவர் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. ஏ.சி. போட்டார், வெயிலிடம் ஏ.சி. தோற்றது. கனத்த திரைச்சீலை தொங்கவிட்டார், அறை இருட்டியது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இருப்பதே தெரியாத அறையில் வேர்த்து வடிந்தார். அப்புறம் ஏதோ மேற்பார்வை என்ற சாக்கில் பள்ளத்து மண்டபத்துப் படியில் வந்து உட்கார ஆரம்பித்தார். அங்கே சீப்பின் இடுக்குகள் வழியே காற்று சிலுசிலுவென்று வரும். கிளார்க் கேட்காமலேயே அவருடைய நாற்காலியையும் அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான்.

பொதுக்குழு நாள் வந்தது. மாதிரி அறையைப் பார்க்க உள்ளே போனவர்கள் சட்டைக் காலரை இழுத்து உள்ளே ஊதிக்கொண்டே திரும்பி வந்தார்கள். எல்லோரும் படிகளில் உட்கார, பூபதி பள்ளத்தில் நின்றார். சொந்தமாக ரெண்டு லாரி ஓட்டும் சௌந்திரம் மேல்படியிலிருந்து எழுந்தாள்.

"ஏனுங்க தலைவரே, சீப்ப ஒளிச்சு வெச்சா கல்யாணம் நிக்காதுன்னு சொல்லுவாங்க. ஆனா வெயிலு ஊட்டுக்குள்ள வந்துருமாட்ட இருக்குதே?"

மண்டபம் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கய்யன் இந்தக் கட்டடத்துக்குத் தன்ற லாரியில மணல் கொண்டாந்து கொட்டுனாருங்க. இங்க நிக்கற தலைவரு எங்களத்தான் அண்ணாந்து பாக்கோணும். அதுக்குத்தான் கட்டுனது. மேடை கட்டீட்டீங்கன்னா நாங்க உங்கள அண்ணாந்து பாக்கோணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

பூபதி சுற்றிலும் அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் காற்று பட்டது. தன் அறையில் நாலு நாள் தேடியும் கிடைக்காத காற்று. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடச் சுகமாக இருந்தது. தீர்மானத்தைத் தானே வாபஸ் வாங்கினார்.

கண்ணாடி கழன்றது. பழைய அளவிலேயே அச்சுச் செய்து நாலு பலகை வார்த்தார்கள். பழசுக்கு நடுவே அவை மட்டும் வெளுப்பாக, கட்டிய பல் மாதிரி தெரிந்தன. சாயம் அடித்து மறைக்கலாமா என்று கேட்டதற்குப் பூபதி வேண்டாம் என்றுவிட்டார். தன் புத்திக்கு அதுவே கல்வெட்டாக இருக்கட்டும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர் ஒருவர் காரை நிறுத்திக் கோட்டைக்கு வழி கேட்டார்.

"கோட்டை எங்கீங்க போயிருது? எறங்கி முதல்ல இதைப் பாருங்க" என்று பூபதி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்கு ஐம்பது வயதுதானே இருக்கும், இதிலென்ன பார்க்க இருக்கிறது என்றார்.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். ராஜா கட்டுனது மட்டும் பாரம்பரியமில்லீங்க, நாலு பேரு சேந்து எல்லாருக்குமா கட்டுனதும் பாரம்பரியந்தான். வயசு பத்தலைன்னு இடிச்சுப்போட்டா, அப்புறம் எப்பத்தானுங்க அதுக்கு வயசாகும்?"