கழற்றி மாட்டிய கையுறை

1

இந்தக் கதை ஒரு சட்டைப் பொத்தானில் தொடங்கியது. மருத்துவமனையில் எனக்குப் பக்கத்தில் காத்திருந்தவர், "தம்பி, இதக் கொஞ்சம் போட்டுவிடுங்க. விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். போட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரராம். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கற்பனை.

2

குழந்தைகளுக்காகத் தன் கைகளையே தந்த தியாகி அவர்…

[இந்த வரியை அடித்துவிட்டேன். தியாகி என்றதும் ஆள் கதையைவிட்டு எழுந்துபோய்விட்டார்.]

மறுபடியும். எக்ஸ்ரேக்காரருக்குப் பொறுமை கிடையாது. கதிரைத் தடுக்கிற ஈயக் கையுறை தலையணை மாதிரித் தடிமன். படம் எடுக்க வந்த குழந்தையை அதைப் போட்டுக்கொண்டு பிடித்தால் திமிறும், படம் கலங்கும், இன்னொன்று எடுக்க வேண்டும். அதனால் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தாய்மார்களை வெளியே நிறுத்திவிட்டு, நர்ஸ் விசையைத் தட்ட, வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். இரக்கம் பாதி, அவசரம் பாதி. "ஒரு நொடிதானே" என்பார். வேலைக்காலம் முழுக்க அந்த ஒரு நொடிதான்.

(ஒரு குறிப்பு: கதிர் கையில் தங்காது, அப்போதே போய்விடும். அது உடம்புக்குள் கிளப்பிவிட்ட, ஃப்ரீ ராடிக்கல் என்கிற ஆக்சிஜன் முரடர்கள்தாம் அடங்குவதில்லை. செல்லைக் கடிப்பார்கள், ரத்தக்குழாயைச் சுருக்குவார்கள். புண்பட்ட திசு தன் பங்குக்கு மேலும் முரடர்களைப் பெற்றுப்போடும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பேறுகிற கதைதான், வருஷக்கணக்கில். பத்தி கட்டுரையாகிவிட்டது. போகட்டும்.)

3

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மகள் நீட்டினால் இவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

"அப்பா, கையிலேர்ந்து கதிர் ஒண்ணும் வராதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க."

"வராதும்மா. ஆனா புள்ள நழுவினா எனக்குத் தெரியாது."

விரல்நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகளைப் பிடித்த கைக்குப் பேத்தியைப் பிடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் கையுறையைப் போட்டுத் தொலைத்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறார். எனக்கும் அவரை நினைத்தால் மனம் ஆறவில்லை.

4

முடிவு ஒன்று: தூக்குகிறார், பேத்தி சிரிக்கிறாள். [பொய்.]

முடிவு இரண்டு: தூக்குகிறார், அவருக்குத் தெரியாமலே அவள் மெல்ல… [மாட்டேன்.]

முடிவு மூன்று: பேத்திக்கு இப்போது ஆறு மாதம். மகள் குளிக்கப் போயிருக்கிறாள். குழந்தை புரண்டு புரண்டு கட்டில் ஓரத்துக்கு வந்துவிட்டது. அவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி குனிந்து நிற்கிறார், தொடாமல்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. உங்கள் விரல்களில் உணர்ச்சி இருக்கிறதல்லவா? கொஞ்சம் வந்து பிடியுங்களேன்.