அவருக்கு எட்டிய சுரம்

மேடை ஏறும் நாளெல்லாம் கணவரும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயை மூடி முனகி முனகியே குரலைப் பதப்படுத்துவார்கள். பக்கவாதம் வந்து அவர் படுத்த படுக்கையானதும், பேச்சோடு அந்தப் பழக்கமும் போயிற்று.

ஐந்து மாதம் கழித்து அவளுக்கு ஒரு கச்சேரி வந்தது. ஜோடியாகப் பாட வேறொருவர். கணவர் காதில் விழக்கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ம்ம்" என்று மெல்ல ஆரம்பித்தாள். படுக்கையறையிலிருந்தும் ஒரு "ம்ம்" வந்தது. அவள் அடுத்த சுரத்துக்கு ஏறினாள்; அவரால் ஏற முடியவில்லை.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அவருக்கு எட்டிய அந்த ஒரே சுரத்துக்கு இறங்கி வந்தாள். இருவரும் அதையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, கார் வந்து அரைமணி ஆச்சு. மேல் ஸ்தாயில பாடியே பாக்கலையே?" என்றாள் வாசலில் நின்ற நாத்தனார்.

"மேடையில பாத்துக்கலாம். முதல்ல உங்கண்ணன் நிறுத்தட்டும்."

அவர் களைத்துத் தூங்கிய பிறகே கிளம்பினாள். முதல் பாட்டிலேயே உச்சத்தில் அவள் குரல் உடைந்தது. புதியவர் சட்டென்று அந்த வரியை வாங்கிக்கொண்டு பிரமாதமாகப் பாடி முடித்தார். கைதட்டல் ஓயவில்லை. கணவரைவிட அவர் நன்றாகப் பாடியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.