பெயரில் இருந்த காடு

மீராசாவுக்கு எழுபத்தெட்டு வயதில் விசாரணைக் கடிதம் வந்தது. முதிரையடிக்காட்டு வட்டை என்ற வயல்வெளியில் அவர் உரிமை கோரும் நாலு ஏக்கரும் வனத்துக்குரிய நிலம், மறுப்பிருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று அதில் இருந்தது. கடிதம் சிங்களத்தில். கல்முனையில் தமிழ் படிப்பிக்கும் மகள் ஸுஹைறாதான் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசிப்பித்து வாப்பாவுக்குச் சொன்னாள்.

அறுபத்தெட்டில் அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட் அவரிடம் இருந்தது. பதினேழு வருடம் அந்த மண்ணில் விதைத்து வெட்டியவர். எண்பத்தைந்தில் கலவரம் வந்ததும் அந்தப் பக்கம் போக முடியாமற் போயிற்று. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தால் வரம்பு தெரியாமல் பற்றை, பற்றைக்குள் தொடைப் பருமனில் மரங்கள். துப்புரவாக்கப் போனவர்களைத் தடுத்து வனத்திணைக்களத்தார் எல்லைக்கல் நட்டார்கள். அதன் பிறகு பதினாலு வருடமாக மீராசா மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர். கிழவருக்குக் கதிரை போடச் சொன்னார். பெர்மிட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்த வட்டையின் பெயரில் ஏன் காடு இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அது பழைய பெயர், தனக்கு முந்தியே இருந்த பெயர் என்றார் மீராசா. அப்படியானால் காலையில் புறப்படும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள் என்பது அடுத்த கேள்வி.

மீராசாவுக்குப் பொய் சொல்லத் தேவை எதுவும் தோன்றவில்லை.

"காட்டுக்குப் போறன் என்டுதான் சொல்லிப் போவன். எங்கட வட்டைக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது 'கெலே' என்ற சொல் கூடப் போயிருந்த ஸுஹைறாவின் காதில் விழுந்தது. அடர்ந்த வனத்துக்கு அவர்கள் சொல்லும் சொல். அவள் எழுந்து, தானும் கொஞ்சம் கதைக்க அனுமதி கேட்டாள்.

பெயரில் காடு இருப்பதைப் பிடித்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து இரண்டு கிழமை அகராதிகளைப் புரட்டி ஒரு தாள் எழுதி வைத்திருந்தாள். காடு என்றால் முதலில் வனம்தான், ஆனால் அதோடு முடிவதில்லை என்று தொடங்கினாள். மிகுதிக்கும் காடு என்பார்கள்; வெள்ளம் நிறைந்தால் வெள்ளக்காடு. இடத்துக்கும் காடு என்பார்கள். சுடுகாட்டுக்குள் யாரும் மரம் தேடிப் போவதில்லை. சாக்காடு என்பதில் மரமும் இல்லை, இடமும் இல்லை. ஊருக்கு வெளியே வெட்டித் திருத்திப் பயிர் செய்த நிலத்துக்கும் அதே பெயர்தான். சொல்லின் வேர் எதுவென்று படித்தவர்களே ஒத்துப்போகவில்லை. நெல் விளைந்த இடத்தை வனமாக்க அந்தச் சொல் மட்டும் எப்படிப் போதும்?

மொழிபெயர்ப்பாளர் பாதியில் பேனையை வைத்துவிட்டார். அவரும் தமிழர்தான்.

"டீச்சர், நீங்க சொல்ற இத்தினை காட்டுக்கும் எனக்கு ஒரு சொல்லுத்தான் இரிக்கி. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த ஒரு சொல்லையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுச் சிரித்தார். பிள்ளைகளுக்கு நல்ல பாடம் என்றார். பிறகு கோப்பைப் புரட்டி, அங்கே நிற்கும் மரங்களுக்கு முப்பது வயதுக்கு மேல் என்று அளந்தவர்கள் எழுதியிருப்பதைக் காட்டினார்.

அப்போதுதான் மீராசா குரலை உயர்த்தினார்.

"எங்களப் போகேலாமப் பண்ணின வருசமெல்லாம் அந்த மரம் வளந்திரிக்கி. இப்ப அதுட வயச என்னட்டக் காட்டுறியளா?"

இதை மொழிபெயர்ப்பாளர் மிகச் சுருக்கமாகத்தான் சொன்னார்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. மனுதாரர் தாம் நாளாந்தம் காட்டுக்குச் சென்று வந்ததை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியையான அவரது மகளும் அச்சொல் முதலில் வனத்தையே குறிக்கும் என்று கூறியிருக்கிறார். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

முதலில் என்ற சொல்லைத் தான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஸுஹைறா அன்று முழுவதும் நினைத்தாள். அகராதியில் அப்படித்தான் இருந்தது. வகுப்பிலும் அந்த வரிசையில்தான் சொல்லிக்கொடுப்பாள். வாப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அது இன்னும் உறைத்தது. மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனபோது ஒப்பம் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் எங்க போய் வந்தன் என்டு இன்னொருத்தன் எனக்குச் சொல்லித் தாறதக் கேக்கேலா, மகள்."

அடுத்த வருடம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கதிர்காமத்தம்பி வந்தார். வீரமுனைக்காரர், மீராசாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர். மீராசாவின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது, அதுவும் அதே காரணத்தால் போயிருந்தது. அந்த நிலத்தை ஏதோ ஒரு கம்பனிக்குக் கஜு மரம் நடக் கொடுத்திருக்கிறார்களாம். நேற்றிலிருந்து இரண்டு டோசர் நின்று மரங்களைத் தள்ளுகிறது, எல்லைக்கல்லையும் பிடுங்கிப் போட்டிருக்கிறது என்றார்.

ஸுஹைறா பழைய கோப்பை எடுத்து வந்தாள். இதை வைத்துத் திரும்ப எழுதலாம், படம் எடுத்து அனுப்பலாம் என்று தொடங்கினாள். இரண்டு கிழவர்களும் அவளைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கத்தால தொடங்கியிருக்கானுகள்?" என்று கேட்டார் மீராசா.

"வாய்க்கால் பக்கத்தால, காக்கா."

"ஓம்," என்றார் அவர். "அது நல்ல பக்கம். வயலுக்குத் தண்ணி முதல் ஏறுற பக்கம்."