முதல் எதிரொலி

திரையில் கடலிலிருந்து வந்த பதிவும் அவள் போட்ட கணக்குமான இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் படிந்தன. வேறு நாளாக இருந்தால் அவள் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றியிருப்பாள். இன்றைக்கு அதே கணக்கை முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டினாள்.

நீருக்கடியில் இரும்பு உருளையின்மேல் ஒலி பட்டால் எப்படிச் சிதறும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. "என்ன உருளைக்கிழங்கு, வெந்துச்சா?" என்று அண்ணன் கேலி செய்வான். அவனுக்குக் கடலடிக் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலை. நேற்று அவனும் கூட்டாளியும் இறங்கிய மூழ்குகலம் மேலே வரவில்லை; பேச்சும் நின்றுவிட்டது. அதுவும் ஓர் இரும்பு உருளைதான். மேலே நின்ற கப்பல் அதை நோக்கி ஒலியை விட்டு, திரும்பி வந்ததைப் பதிவு செய்து இவளுக்கு அனுப்பியது. உள்ளே இருப்பது காற்றா, தண்ணீரா? கேள்வி அவ்வளவுதான்.

காலையில் காற்று என்று சொல்லிவிட்டாள், அவசரக்குடுக்கை. இரும்பு பாறையைப்போல் சும்மா நிற்காது. ஒலி பட்டால் அதிரும், கொஞ்சத்தை உள்ளேயும் விடும். முதலில் வரும் எதிரொலி வெளிச்சுவரில் பட்டுத் திரும்புவது. உள்ளே என்ன இருந்தாலும் அது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் இழுத்துக்கொண்டு வரும் மெல்லிய வாலில்தான் உள்ளே போய் வந்த சேதி இருக்கிறது. அந்த வாலைக் கடல்தரையின் இரைச்சல் என்று வெட்டிப் போடுவது இந்த அறையில் எல்லோருக்கும் பழக்கம். அவளும் வெட்டினாள். காற்றுக்கான கணக்கு பொருந்தியது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அண்ணிக்குப் போன் செய்து வயிற்றில் பாலை வார்த்தாள்.

மனசு கேட்காமல் மதியம் வாலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். திரையில் இப்போது கச்சிதமாகப் படிந்தது தண்ணீருக்கான கணக்கு. ஒலி உள்ளே நிறைந்திருந்த தண்ணீரைக் கடந்து, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியிருந்தது.

பின்னால் நின்ற துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உயிரோட இருக்காங்கன்னு நம்பி, இந்தக் கொந்தளிப்புல ஆள இறக்கப் போறாங்கம்மா. கப்பலுக்கு நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். நானே சொல்றேன்."

கப்பலுக்குச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அண்ணி, கையில் ஒரு பையுடன்.

"ஈரத்தோட வருவாருல்ல. ஜெர்கின் எடுத்துட்டு வந்தேன்."

"அண்ணி, காலையில நான் தப்பா சொல்லிட்டேன்."

அண்ணி பையின் வாயைத் திறந்தாள்.

"உள்ள தண்ணி, அண்ணி. முழுக்கத் தண்ணி."

துறைத்தலைவர் சத்தமில்லாமல் வெளியே போனார். அண்ணி ஜெர்கினை வெளியே எடுத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் போட்டாள்.

"சில்லுனு கெடக்கு," என்றாள். "கொஞ்சம் சூடு பண்ணி வைக்கிறேன்."

மேசைக்கடியில் கணினி வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் பின்னால் மண்டியிட்டு, ஜெர்கினின் அடிப்பக்கத்தை அந்தக் காற்றுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். ஜெர்கினின் மார்பு மெல்ல உப்பியது. பிறகு கைகள் இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக, எழுந்தன.