ஆறு தாள், பன்னிரண்டு துண்டு

ஆசிரியர் பயிற்சி முடித்து நாற்பது வருடம் கழித்து, அதே வகுப்பறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெஞ்சு சுருங்கிவிட்டதா, நாம் பெருத்துவிட்டோமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் 'நாடகம்' என்று பட்டப்பெயர் வாங்கியவன் மட்டும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில், 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வாங்கியவள் உட்கார்ந்திருந்தாள். அவள் அவனோடு பேசியும் நாற்பது வருடம்.

அப்போதெல்லாம் இவர்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். சேட்டைக்காரப் பிள்ளையாக நடிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. மணியடிக்கும் நொடியில் பாடத்தை முடிப்பவள் அவள். முதலிடம் அவளுக்குத்தான் என்று சுவருக்குக்கூடத் தெரியும்.

விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்து மார்க் போடும் தேர்வு வகுப்பில் அவள் ஆறை அரையால் வகுத்தாள். விடை பன்னிரண்டு.

"புரியல டீச்சர். வகுத்தா கொறையத்தானே செய்யணும்?" என்று இவன் எழுந்தான்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மறுபடி விளக்கினாள். "புரியல டீச்சர்." அவள் பாடக்குறிப்பின் ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பாதியாய்க் கிழித்து அவன் மேசையில் வைத்தாள். "எண்ணு. எத்தனை அரைத் தாள்?" அவன் எண்ணி முடிக்கவும் மணியடித்தது.

பாடம் பாதியில் நின்றது, ஒப்படைக்கக் குறிப்பும் இல்லை. முதலிடம் பறிபோனது. பிள்ளைக்குப் புரியும்போதுதான் பாடம் முடிகிறது என்று கல்வித் தத்துவ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்த மனுஷன்தான் அந்த மார்க்கையும் குறைத்தார். எங்கே போய்ச் சொல்லி அழ!

"அன்னைக்கு நம்ம நாடகம் என்னமா நடிச்சான்!" என்று யாரோ பழைய கதையை எடுத்தார்கள். கடிகாரத்தின் முகம் இறுகியது.

அவன் எழுந்தான். கணக்கு வாத்தியாராகவே ஓய்வுபெற்றவன். இத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறினால் ஏறட்டும்.

"நான் நடிக்கலப்பா. எனக்கு நெஜமாவே புரியல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் எல்லாரோடவும் சேந்து சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் நானும் ஆறு தாளைக் கிழிச்சுத்தான் அந்தக் கணக்கை நடத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"மணி அடிச்ச பெறகா?"

"இல்ல. எட்டாவது துண்டு எண்ணும்போதே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு எழுந்து அவன் பெஞ்சுக்கு வந்தாள்.

"அப்ப என் பாடம் நேரத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கு. தள்ளி உக்காரு."